நோகிறது என்பவரை நம்புங்கள்



“சுவாமி, எனக்கு நோகிறது, ஆனால் வீட்டில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.” நோயாளரைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. படம் எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆகவே இது பாசாங்கு என்று வீட்டார் தீர்த்துவிடுகிறார்கள். வேறு சில வீடுகளிலோ, புற்றுநோயால் துடிக்கும் தாயிடம், “மருந்து கேளாதேயுங்கோ அம்மா, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கோ” என்று பிள்ளைகளே போதிக்கிறார்கள். முன்னவர் நோவை நம்ப மறுக்கிறார்கள். பின்னவர் நோவைத் தணிக்க மறுக்கிறார்கள். இரண்டும் தவறு. அறிவியலும் இதைச் சொல்கிறது. நம் திருமறையும் இதையே சொல்கிறது.

முதலில், நோ என்பது என்ன? பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் ஓர் உவமை சொன்னார். அவர் இறந்த பின் 1664-இல் வெளியான நூலில் அது உள்ளது. கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி ஒலிக்கிறது. அதுபோல, நெருப்புக் காலைச் சுட்டதும் நரம்பு என்னும் நூல் இழுபட, மூளையில் நோ உண்டாகிறது என்றார். இவ்விளக்கம் முற்றிலும் சரியானால், காயத்தின் அளவே நோவின் அளவு. காயம் இல்லையேல் நோவும் இல்லை.

ஆனால் கயிறு அறுந்த பின்னும் மணி ஒலிக்கிறதே! கால் துண்டிக்கப்பட்டவர், இல்லாத அந்தக் காலின் விரல்கள் எரிகின்றன, முறுக்குகின்றன என்கிறார். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பாரே இதை எழுதி வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களைப் பராமரித்த வைத்தியர் வெயர் மிச்செல், 1871-இல் இதற்கு ‘ஆவி உறுப்பு’ என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். 2009-இல் முடிந்த போரில் மிதிவெடியாலும் ஷெல்லாலும் அவயவம் இழந்த நம் சகோதரர்களிலும் இந்த நோவை அறிந்தவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கால் போனாலும், மூளையில் அக்காலுக்குரிய இடம் போகவில்லை. அறுந்த நரம்பின் நுனியும் ஓயாமல் செய்தி அனுப்பக்கூடும்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிசெய்த அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், பலத்த காயமுற்ற போர்வீரர் பலர் நோ தணிக்கும் மருந்தே வேண்டாம் என்றதைக் கண்டு வியந்தார். அந்தக் காயம் அவர்களுக்குப் போர்க்களத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பும் அனுமதிச் சீட்டாக இருந்தது என்பதே அவர் கண்ட காரணம். காயம் பெரிது, நோ சிறிது.

1965-இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் அறிஞர் இருவர் புதிய விளக்கம் தந்தார்கள். முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. நோவின் செய்திகள் அதைக் கடந்தே மூளைக்குச் செல்கின்றன என்றார்கள். விழுந்தெழும்பிய பிள்ளையின் முழங்காலைத் தாய் தடவிவிட நோ தணிவது ஏன்? தொடுகையின் செய்தி அவ்வாயிலை ஓரளவு மூடுகிறது. மூளையும் மேலிருந்து அதைத் திறக்கும், மூடும். பயமும் தனிமையும் நித்திரையின்மையும் நோவைக் கூட்டுகின்றன. ஆறுதலும் அன்பான துணையும் குறைக்கின்றன. அவ்விளக்கத்தின் சில நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், நோவில் மூளைக்கும் மனத்துக்கும் பங்குண்டு என்ற உண்மை நிலைத்துவிட்டது. 1975-இல் அபினை ஒத்த பொருள்கள் மூளையிலேயே சுரப்பதும் கண்டறியப்பட்டது. நோ என்னும் எச்சரிக்கையைத் தந்த சிருஷ்டிகர், அதைத் தணிக்கும் மருந்தையும் நமக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

ஆகவே, ‘மனத்திலும் காரணம் உண்டு’ என்றால் ‘பொய்’ என்று பொருளல்ல. நோ பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, நோகிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. பேச இயலாதவருக்கும் நோ இருக்கலாம் என்றது. நோவை அளக்கும் துலாக்கோல் நம் கையில் இல்லை. அனுபவிப்பவரின் வாக்கே நமக்கு முதற்சாட்சி.

இனி நம் விசுவாசத்திற்கு வருவோம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டபோது, இரண்டும் அல்ல என்று இயேசு மறுத்ததை அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கிறோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது அவரருகில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே தவறினார்கள். கடவுள் இறுதியில் அவர்களையே கண்டித்தார்.

நம் ஆண்டவர் எந்த நோயாளியிடமாவது, “உன் நோ உனக்கு நல்லது, சுமந்துகொண்டு போ” என்று சொன்னதுண்டா? பன்னிரண்டு ஆண்டு பெரும்பாடுள்ள பெண்ணுக்கும், காய்ச்சலாய்க் கிடந்த இராயப்பரின் மாமிக்கும் அவர் சுகமே கொடுத்தார். தம் பாடுகளுக்கு முன், பாத்திரம் அகலுமாறு தாமே மன்றாடினார். புனித சின்னப்பரும் தம்மைக் குத்திய முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். ஆகவே, நோ தீர வேண்டுமென்று கேட்பது விசுவாசக் குறைவல்ல.

மயக்கமருந்து வைத்தியர்களுக்கு 1957 பெப்ரவரி 24-இல் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இதைத் தெளிவாக்கினார். நோ தணிக்கும் மருந்தைப் பெறுவது கிறிஸ்தவனுக்கு ஆகும். மரணத்தை விரும்பாமல் நோவைத் தணிக்கும் நோக்கோடு கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்க நேர்ந்தாலும், வேறு வழியில்லாதபோது அது அனுமதிக்கப்படும் என்றார். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே போதிக்கிறது.

அப்படியானால் ஒப்புக்கொடுத்தல் வீணா? இல்லவே இல்லை. துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைப்பதன் மேன்மையை, 1984-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒரு மடல் முழுவதிலும் விளக்கினார். அம்மடலிலேயே நல்ல சமாரியனையும் நம்முன் நிறுத்தினார். ஒப்புக்கொடுத்தல் காணிக்கை. காணிக்கையைக் கொடுப்பவர் தாமே கொடுக்க வேண்டும். அடுத்தவர் பையிலிருந்து எடுத்துப் போடுவது காணிக்கை ஆகாது. நோயாளி தம் நோவை ஒப்புக்கொடுப்பாராக. அருகில் நிற்கும் நம் பங்கு, காயத்தில் எண்ணெய் வார்த்த சமாரியனின் பங்கு.

எப்படி வார்ப்பது? துயரத்துக்கும் நோவுக்கும் மருந்து கூறும் புனித தோமாஸ் அக்குவினாஸ், கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு, நித்திரையையும் குளிப்பையும்கூடச் சேர்த்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டுத் துறவியின் இந்தப் புத்திமதியை நம் வீடுகளில் இன்றே கைக்கொள்ளலாம். அழ விடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருங்கள். மெல்ல உடம்பு துடைத்துவிடுங்கள். வைத்தியர் மோர்பின் எழுதித் தந்தால், பழகிவிடும் என்று பயந்து ஒளித்து வையாமல், அவர் சொன்ன நேரத்தில் சொன்ன அளவில் கொடுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முழந்தாளிடுமுன், வீட்டின் பின்னறையில் படுத்திருப்பவரிடம் போங்கள். “எப்படி நோகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடியும்வரை இடைமறியாதீர்கள். பிறகு செபமாலையை அவர் கட்டிலருகே தொடங்குங்கள். வியாகுல மாதா சிலுவையடியில் நின்றாள். அவள் அங்கே நின்றாளேயன்றி, மகனுக்குப் போதனை செய்யவில்லை.