பதின்மூன்று சட்டைகள்

ஓரிடத்தில் நிலைத்து நில்லாதவனிடம் பற்றுறுதி இருக்குமோ என ஐயுறுவோர் உளர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக்காரர் இஷ் ஸ்மித்தை எண்ணிப் பாருங்கள். 2010இல் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது என்.பி.ஏ. குழு எதுவும் அவரைத் தெரிந்துகொள்ளவில்லை. பின்னர், 14 ஆட்டப் பருவங்களில் 13 குழுக்களுக்கு ஆடினார். அத்தனை குழுக்களுக்கு அவருக்கு முன் எவரும் ஆடியதில்லை. பன்முறை, அவர் விருப்பத்தைக் கேளாமலே ஒரு குழு மற்றொன்றுக்கு அவரைக் கைமாற்றியது. இங்கே பற்றில்லாதவர் யார்? மாற்றல் கடிதம் பெற்ற ஆசிரியருக்கு இவ்வினா புதிதன்று.

நேற்றைய எதிரிக்கு இன்று பந்தை எடுத்துக் கொடுப்பவரின் பற்று ஆட்டத்தின்மீதே என்பேன். 2023இல் டென்வர் நகெட்ஸ் வாகை சூடியபோது அக்குழுவில் அவரும் இருந்தார். இறுதிச் சுற்றுகளில் களமிறங்கியது சொற்ப நேரமே. அவ்வெற்றியில் அவருக்குப் பங்கில்லை என்பாருடன் நான் உடன்படேன். பயிற்சியில் அவரை எதிர்த்தன்றோ ஏனையோர் ஆடிப் பழகினர்!