எழுத்தாணி நின்ற இடம்

மாணவர் ரோபோ போட்டியில் வெல்ல வழி தேடும் அணி, தன்னை அறியாமலே ஒரு பழைய தத்துவக் கேள்வியில் கால் வைக்கிறது. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் இன்று மூன்று அணிகள் ஒரு கூட்டணி. எதிரே வேறு மூன்று. தகுதிச் சுற்றில் யாருக்கு யார் துணை என்பதை அட்டவணை தீர்மானிக்கும். இறுதிக் கட்டத்தில்தான் கூட்டணித் தலைவர்கள் துணைகளைத் தாங்களே அழைப்பார்கள். எனவே முதல் வரைபடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்: எல்லா வேலையும் ஓரளவு செய்யும் இயந்திரமா, ஒரே வேலையைப் பிசகின்றிச் செய்து மற்றதைக் கூட்டாளியிடம் விடும் இயந்திரமா? பிறரைச் சார்ந்து நிற்பது குறைதானா?

குறையல்ல என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானைச் சாட்சிக்கு அழைக்கலாம். பிரம்மசூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியைத் தேடி, ஆழ்வானின் ஆசாரியரான வைணவ ஞானி இராமானுசர் காஷ்மீரம் போனார். ஏடு கைநழுவிப் போனாலும் உடன்சென்ற ஆழ்வானின் நினைவில் அது தங்கியது என்கின்றன குருபரம்பரைக் கதைகள். பிறகு உடையவர் எனப்படும் இராமானுசர் சொல்லச் சொல்ல, அதே சூத்திரத்துக்கான அவருடைய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தை ஆழ்வான் எழுதினார். மனம் ஒப்பாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜீவனின் இயல்பு அறிபவனாக இருப்பது மட்டுமே என்று வந்த இடத்தில் எழுத்தாணி நின்றது. ஜீவன் இறைவனுக்கே உரியவன் என்பது அங்கே விடுபட்டிருந்தது. உடையவர் சினந்தார், பின்பு யோசித்துத் தாமே திருத்தினார். இது நடந்த விதம் இப்படித்தானா என்று வரலாற்றாசிரியர் ஐயுறலாம். நல்ல துணை என்று ஒரு மரபு யாரைக் கருதியது என்பதற்கு இந்தக் கதையே போதும். சார்ந்திருப்பதே ஜீவனின் இயல்பு என்று வாதாடியவர், அதற்காகத் தம் ஆசாரியரையே மறுத்து நின்றார்.

கடவுளைச் சார்வதும் பக்கத்துப் பள்ளியின் பேட்டரியைச் சார்வதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல; பேட்டரி கைவிடும். அதனால்தான், எந்தத் துணை வாய்த்தாலும் பயன்படும் வேலையைத் தேர்ந்து, அதை முழுமையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். தரவரிசையில் மேலே வருவது பலவேலை இயந்திரம்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் வழக்கமான போட்டியில் இறுதிக் கட்டத்துக்குப் போகும் 24 அணிகளில் தலைவர்கள் 8 பேர். மற்ற 16 அணிகளும் பிறரால் அழைக்கப்பட்டவை. அழைப்பவர் தேடுவது தன் நகலை அல்ல, தன்னிடம் இல்லாததை. அழைப்பை மறுக்கவும் விதி இடம் தருகிறது. ஆனால் மறுத்த அணியை வேறு தலைவர் அழைக்க முடியாது. மறுப்புக்கு விலை உண்டு, ஆழ்வானுக்கு ஆசாரியரின் சினம் விலையாக இருந்தது போலவே.

சிறிய பட்டறையும் கொஞ்சம் பணமும் உள்ள அணி ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கூட்டணியின் திட்டம் தவறு என்று பட்டால், ஆட்டம் தொடங்குமுன் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.