சீகையின் கணக்கு

நீலகிரியின் மேல்மலைச் சரிவுகளில் கரும்பச்சையாக மரங்கள் நெருங்கி நிற்பதைப் பார்த்ததும், புதிதாக வருபவர்கள் "எவ்வளவு அடர்ந்த காடு!" என்று வியப்பார்கள். அந்த மரங்களில் பெரும்பகுதி சீகை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. அது நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது புல்.

புல் மரமானது யாரால்? மனிதர் எடுத்த முடிவாலா, இயற்கையின் போக்காலா? இரண்டும் கலந்த இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத்தான் நிலப் பயன்பாட்டு மாதிரிகளை அமைக்கிறார்கள்.

முதலில் மலையின் பழைய ஒழுங்கைப் பார்ப்போம். பள்ளங்களில் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு விளிம்பு. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழாமலில்லை, முளைக்கவும் செய்யும். ஆனால் குளிர்கால இரவுகளில் இறங்கும் உறைபனி இளங்கன்றைக் கருக்கிவிடும். மரங்களின் கூரைக்குக் கீழே பனி அவ்வளவாக இறங்காது. அங்கே கன்று பிழைக்கும். இப்படிச் சோலை சோலையாகவும் புல் புல்லாகவும் நீடித்தன. மனிதர் காட்டை அழித்ததால் வந்த புல்வெளி இது என்று வெகுகாலம் நம்பியவர்கள் உண்டு. நீலகிரியின் சதுப்பு மண்ணில் புதைந்திருந்த கரிமத்தை ஆராய்ந்த சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர், பனியூழி உச்சத்தில் இருந்த காலத்திலேயே, அதாவது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் இருந்ததை 1993இல் காட்டினார்கள்.

அந்தப் புல்லில்தான் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். ஆங்கிலேய நிர்வாகத்தின் கண்ணுக்கோ அது பயனற்ற தரிசு. விறகுக்காகக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், விஸ்கோஸ் இழைக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட, தோட்டங்கள் பெருகின. மலையில் எந்தச் சரிவு புல்லாக இருக்கும் என்பதைச் சமவெளியின் தொழிற்சாலைத் தேவை தீர்மானித்தது. இதேபோல், பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் கண்டது. அந்த இடத்தைப் பிடித்தவை மரத்தோட்டங்களும் விவசாயமும்.

இனி மாதிரிக்கு வருவோம். வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் புல், சோலை, சீகை, தேயிலை என ஏதோ ஒன்று. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எது எதுவாக மாறியது என்று எண்ணிவிடலாம். கணக்குக்காக 100 புல் கட்டங்களில் 20 சீகையாயின என்று வைப்போம். இதே வீதம் தொடர்ந்தால் அடுத்த பத்தாண்டில் மீதி 80இல் 16 போகும், 64 மிஞ்சும். எளிய கணக்கு, ஆனால் இதை அப்படியே நம்பினால் ஏமாறுவோம்.

அந்த 20இல் மனிதர் நட்டது எத்தனை, விதை விழுந்து தானே வந்தது எத்தனை? இரண்டு படங்களை ஒப்பிட்டு எண்ணிய கணக்கு இதைச் சொல்லாது. அத்தனையும் நட்டவை, அவை விதை பரப்புவதுமில்லை என்றால், நடவு நின்ற நாளிலேயே இழப்பும் நின்றுவிடும். விதையால் வந்தவை என்றால், யாரும் நடாமலே இழப்பு கூடிக்கொண்டு போகும். ஏனென்றால் சீகை பரவப் பரவ, அதை ஒட்டியிருக்கும் புல் கட்டங்களும் பெருகுகின்றன. ஆகவே நல்ல மாதிரி ஒவ்வொரு கட்டத்தின் அக்கம்பக்கத்தையும் பார்க்கும்: மூன்று பக்கமும் சீகை சூழ்ந்த புல்லும், பரந்த புல்வெளி நடுவே உள்ள புல்லும் ஒரே நிலையில் இல்லை. மனிதரின் முடிவுக்குத் தனி விதி வேண்டும். அது ஓர் அரசாணையில் ஒரே நாளில் மாறும். விதையின் விதி அப்படி மாறாது.

நீலகிரியில் நடந்தது இதுதான். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வருவாயைவிடச் சூழல் பாதுகாப்பை முன்னே வைத்தது. புல்வெளிகளில் நடவு படிப்படியாக நின்றது. சீகை நிற்கவில்லை. அதன் கெட்டித்தோல் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் தோல் வெடித்துக் கூட்டமாக முளைக்கும். சோலைக் கன்றைக் கொல்லும் உறைபனியில் சீகைக் கன்று அதைவிட நன்றாகவே பிழைக்கிறது என்று நட்டுப் பார்த்த சோதனைகள் சொல்கின்றன. புல்லைக் காத்துநின்ற பழைய காவல் இந்த மரத்திடம் எடுபடவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. தேசிய வன ஆய்வில், குறைந்தது ஓர் எக்டேர் நிலத்தில் மரக்கூரை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம் என்ற கேள்வி இல்லை. வரையாடு மேய்ந்த, குறிஞ்சி பூத்த புல்வெளியைச் சீகை விழுங்கும்போது, அந்த ஏட்டில் காடு வளர்ந்ததாகவே பதிவாகும். மாதிரியில் புல்லுக்கென்று தனி நிறம் கொடுக்காவிட்டால் அதன் இழப்பு கணக்கிலேயே வராது.

எல்லாச் சீகையையும் வெட்டிவிடலாமே என்று கேட்கலாம். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் எழுந்துவருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் வெயில் இறங்கி, புதைந்து கிடக்கும் சீகை விதைதான் மீண்டும் முளைக்கும். மாதிரி விரல் நீட்டும் இடம் வேறு: புல்வெளியின் விளிம்பு. அங்கே தோப்பிலிருந்து தள்ளி, புல்லுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒற்றைச் சீகைக் கன்று நிற்கும். அதை இப்போது ஓர் ஆள் கையாலேயே பிடுங்கிவிடலாம். அது பூத்துக் காய்த்து விதை சிந்த இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.