முதலில் சான்றில் உடன்படுங்கள்

விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நீக்குவார். முதலாமவர் மீண்டும் சேர்ப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் இப்படி மாற்றினால் தடை வரலாம். பேச்சுப் பக்கத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இலங்கைப் போர்க் காலத்தில் அந்நாட்டைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் இந்த இழுபறி ஓயவில்லை. இரு தரப்பிலிருந்தும் பங்களிப்பாளர்கள் சேர, விக்கிப்பீடியாவிலேயே ஒரு நல்லிணக்கத் திட்டம் உருவானது. எந்த ஊடகத்தை அப்படியே ஏற்கலாம், எதை ‘இன்ன தரப்பின் கூற்று’ என்று குறித்தே எடுத்தாள வேண்டும் என அங்கே பட்டியல் போட்டார்கள். கருத்தில் சேராதவர்களும் அளவுகோலில் சேர முடிந்தது.

நமக்கும் அதே வழிதான். மதுரை வரலாற்றில் ஓர் ஆண்டுக்காக மல்லுக்கட்டுகிறீர்களா? சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் வரை ஒரு நடை போங்கள். நூலின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்து வாருங்கள். இரண்டு நூல்கள் முரண்பட்டால், யார் எதைச் சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள். நம் வாதத்தில் வென்றவர் யார் என்று வாசகர் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது சரிபார்க்கக்கூடிய ஒரு வரி.