வீடு மாறும் முன்னே



திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் வந்தார். தாம்பரத்துக்கு அப்பால் வீடு பார்த்திருக்கிறாராம். இங்கே ஒண்டுக் குடித்தனம். ஆனால் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலின் பாங்கு காதில் விழும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவார்கள். அங்கே விசாலமான வீடு, எதற்கும் பஸ். "ஹஜ்ரத், போகலாமா?" என்றார்.

பனூ ஸலிமா கூட்டத்தார் மதீனாவின் ஓரத்தில், இன்று மஸ்ஜிதுல் கிப்லதைன் இருக்கும் பக்கத்தில் வாழ்ந்தார்கள். மஸ்ஜிதுந் நபவீக்கு அருகே குடிபெயர விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இசையவில்லை. மதீனாவின் ஓரம் வெறிச்சோடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியில் வருகிறது. நடந்து வரும் காலடிகளுக்கு நன்மை உண்டென்றும் உணர்த்தினார்கள்.

ஆகவே, ஓரத்தில் குடியிருப்பது குறையன்று. ஆனால் அவர்கள் தூரத்தில் இருந்தும் நடந்து வந்தார்கள்; நாமோ தூரத்தைச் சாக்காக்கி ஜமாஅத்தை விடுகிறோம். தண்ணீர் வசதியைப் பத்து முறை விசாரிப்பவர் இதை ஒரு முறையும் விசாரிப்பதில்லை!

அவரிடம் சொன்னேன்: "மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு காலை நடந்து பாருங்கள். லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டுமா? அஸர் தொழ இடம் எங்கே? மாலையில் குர்ஆன் ஓத மதரஸா உண்டா? இல்லையென்றால், நாலு குடும்பம் சேர்ந்து ஓர் அறையில் தொடங்க உங்களுக்கு மனமிருக்கிறதா?"

திங்கட்கிழமை காலை மகளுடன் போகிறாராம்.