ஓடும் காலுக்குத் தளை

அடையாற்றுக்கு அப்பால், பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! கதிரவன் எழும் முன்னரே கூட்டம் எழுந்து விடுகிறது. ஓய்வு பெற்ற அதிகாரி நடக்கிறார். தொப்பை சரிந்த வணிகர் நடக்கிறார். மூட்டுவலி கொண்ட மூதாட்டி, மகன் வாங்கித் தந்த புதுக் காலணியோடு மெல்ல மெல்ல நடக்கிறார். மருத்துவர் சொன்னார், நடக்கின்றனர். நன்று. ஆனால், அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளை எங்கே? தனிப்பயிற்சிக்கு வண்டியேறிவிட்டான். மாலையில்? மற்றுமொரு பயிற்சி. இரவில்? கையிலே கைப்பேசி, வாயிலே வறுவல். ஓடத் துடிக்கும் காலுக்குத் தளையிட்டு, ஓட இயலாத காலை நடக்கச் சொல்லும் விந்தை உலகம் இது!

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் வேர்க்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. அறுபதே நிமிடம்! அதைக் கொடுக்கவும் நம் வீடுகளுக்கு மனமில்லை.

இதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. இஃது அறத்தின் கேள்வி. தன் உணவைத் தானே தேர முடியாத ஒரு குழந்தையின் உடலுக்கு யார் பொறுப்பு?

தலையெழுத்து என்பர் சிலர். பிள்ளை மெலிந்தால் கண்ணேறு, பருத்தால் பரம்பரை வாகு. எலுமிச்சையும் மிளகாயும் கட்டத் தெரிந்த கைக்கு, பாலிலே எத்தனை கரண்டி சர்க்கரை கரைத்தோம் என்று எண்ணத் தெரிவதில்லை. "அவன் விரும்புகிறான், வாங்கித் தருகிறோம்" என்பர் வேறு சிலர். விருப்பமாம்! 200 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்கி வைத்தவன் யார்? வண்ணத்தாள் சுற்றியவன் யார்? வணிகன் விதைத்த ஆசையைக் குழந்தையின் உரிமை என்று நாம் போற்றுவதா?

மூன்றாவது கட்சியார் சற்று அறிவோடு பேசுவர். "பெற்றது நீ, ஊட்டுவதும் உன் கடமை. ஊருக்கு என்ன வேலை?" என்பது அவர்தம் வாதம். இதற்கு விடை தேடி வெகுதொலைவு போக வேண்டாம். தியாகராயர் நகரிலேயே நில்லுங்கள். பட்டும் பொன்னும் இனிப்பும் வாங்க வருவோரில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவரை நினைக்கின்றனர்? சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல்தான், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. ஓரணா! பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. பசியால் பள்ளிக்கு வராதிருந்த பிள்ளைகள் வந்தனர். அன்றைய ஆங்கில அரசு என் செய்தது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது. 1925-இல் திட்டம் நின்றது. தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டுதான்.

ஏட்டிலே கல்வி வேறு, சோறு வேறு. வயிற்றிலே அப்படியில்லை. அதனால்தான் நின்றது மீண்டும் எழுந்தது: 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., பின்னர் கலைஞர் ஆட்சியில் முட்டை, 2022-இல் காலை உணவு. அந்தக் காலை உணவு, நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26-இல் விரிந்தபோது, தொடங்கிய இடம் மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் பள்ளி. ஓரணாவின் கதை நூறாண்டு கழித்து மயிலைக்கு வந்து சேர்ந்தது.

ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ட பிள்ளை சமத்துவம் என்ற சொல்லைக் கற்கும் முன்பே அதன் சுவையைக் கற்றுவிடுகிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துத் தமிழகம் கொதித்ததே, அந்தக் கொதிப்பின் பொருள் இதுவே.

ஆயின், ஊர் தன் கடமையைச் செய்துவிட்டால் வீடு ஓய்ந்துவிடலாமா? இங்கேதான் நம் தோழர்களையும் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. உடலுழைப்பு தாழ்ந்தோர்க்குரியது என்று ஓதிய வருணத்தை மேடையிலே சுட்டெரிக்கிறோம். வீட்டிலே மகன் தான் உண்ட தட்டைத் தான் கழுவக் கூடாது என்கிறோம். குடம் தூக்கினால், கடைக்கு நடந்தால், படிப்புக் கெடுமாம்! கேழ்வரகுக் கூழையும் கம்பஞ்சோற்றையும் ஏழையின் உணவென்று எள்ளினோம். வெள்ளை அரிசியே கௌரவம் என்றோம். இப்போது அதே கேழ்வரகு அழகிய பொட்டலத்தில் அடைபட்டுச் 'சிறுதானியம்' என்ற பட்டத்தோடு வந்தால், விலை கேளாமல் வாங்குகிறோம். கேழ்வரகு மாறவில்லை, அதை உண்டவர்மீது நாம் கொண்ட இழிவு மட்டும் இன்னும் மாறவில்லை.

பெண்பிள்ளையின் நிலையோ இன்னும் கொடிது. பத்து வயது வரை தெருவிலே ஓடியவள், பருவமெய்தினாள் என்றதும் பந்தைப் பறிக்கின்றனர். உடல் வளரும் பருவத்திலே, இரத்தம் ஊற வேண்டிய பருவத்திலே, ஆட்டமும் இல்லை. அண்ணனுக்கு வைத்த முட்டையும் இல்லை! அவள் தாயோ எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்பவள். கூட்டம் முடித்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, சூடான சோறு கேட்கும் தோழர், அவ்வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? பிள்ளைகள் நம் பேச்சைப் பார்த்துக் கற்பதில்லை. நம் பந்தியைப் பார்த்துக் கற்கின்றன.

இடமில்லை, எங்கே ஆடுவது என்று கேட்பீர்கள். உண்மைதான். அடுக்கு வீடுகளின் அடியில் வண்டிகள் நிற்கின்றன; பூங்காக்கள் பலவற்றிலே பந்து விளையாடலாகாது என்ற பலகை நிற்கிறது. கோயில் விழாவுக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் தெருவை அடைக்கத் தெரிந்த நகரம், ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒரு தெருவைக் குழந்தைகளுக்கு அடைத்துத் தரக் கேட்டால் நகைக்கிறது.

தியாகராயர் நகரில் நடேசனார் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்க வந்து, தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காமல் தவித்த பார்ப்பனரல்லாத மாணவர்க்காக 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்ட அதே மருத்துவர் நடேசனார். வரும் ஞாயிறு மாலை, மகனை மட்டுமன்று, மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே வாருங்கள். இல்லத்தரசியாரையும் அழைத்து வாருங்கள். அன்றைய இரவுச் சமையலை நாம் பார்த்துக்கொள்வோம்.