வண்ண மீன்களும் வாளிப் புழுக்களும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்துவரும் உறவினர் இல்லத்தில் சென்ற கோடையில் சில நாட்கள் தங்கியிருந்தேன். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கப்பி மீன்களும் இரண்டு தங்க மீன்களும் இருந்தன. தனிப் புட்டியொன்றில் நீலநிறச் சண்டை மீன். இவற்றைப் பேணுபவன் அவ்வீட்டுப் பள்ளிச் சிறுவன். மாடியில் அவன் ஒரு பண்ணையே வைத்திருந்தான். பழைய வாளியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. பாசி பிடித்துப் பச்சையான மற்றொரு தொட்டி நீரில் டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளுகள் துள்ளின. நாள்தோறும் மாலையில் சிறு வலையால் அரித்தெடுத்து மீன்களுக்கு இடுவான்.

“தாத்தா, இவை கடையில் வாங்கியவை அல்ல, நானே வளர்த்தவை. ஆகவே பாவம் குறைவுதானே?” என்று கேட்டான்.

அதே வேளையில் கீழே முற்றத்தில் அவன் பாட்டியார் கிணற்று நீரை இரட்டைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டியபின் துணியைத் திருப்பி நீர் ஊற்றி, அதில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த கிணற்றிலேயே சேரும்படி மெல்ல இறக்கினார். தலைமுறை தலைமுறையாக நம் இல்லங்களில் நிகழ்வது இது. பாட்டியார் துணியில் தங்கும் உயிரும் பேரன் வலையில் விழும் உயிரும் ஏறக்குறைய ஒரே இனத்தவை. அங்கே வடிகட்டுவது காப்பதற்கு. இங்கே அரிப்பது இரையாக்குவதற்கு. இதை அச்சிறுவன் கவனித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றுவரை நானும் கவனித்ததில்லை.

அவன் வினா எளியதன்று. கடையில் விற்கும் ட்யூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் அரித்தெடுக்கப்படுவது. அதனால் மீனுக்கு நோய் வரும் என்று அஞ்சியே பலர் வீட்டிலேயே இரை வளர்க்கின்றனர். மீன் நலத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். அறத்தின் நோக்கில் நிலைமை தலைகீழாகிறது. இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். சமைப்பதிலும் உழுவதிலும் உயிர்கள் மடிகின்றன. மடியவேண்டும் என்பது நம் எண்ணமன்று. வாளியில் நீரை நிறுத்தி, கொசு முட்டையிடக் காத்திருந்து, அது புழுவானதும் இரையாக இடுவதோ தொடக்கம் முதல் முடிவு வரை எண்ணிச் செய்த செயல். அதற்குச் சங்கற்பம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. வாயில் கவ்வியது மீன். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றில் நடுவிலிருப்பது நம்முடையது.

“மீன் புழுவைத் தின்பது இயற்கைதானே?” என்பர். கொட்டகுடி ஆற்றில் அது இயற்கை. குரங்கணி மலையிலிருந்து இறங்கிவரும் அந்நீரில் எந்த மீன் எதைத் தின்றாலும் அதில் நம் கை இல்லை. கண்ணாடித் தொட்டியில் இரை தேட மீனுக்கு வழியில்லை. அவ்வழியை அடைத்தவர் நாம்.

கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவது உயிரைக் கட்டிவைத்தல். இறுதியானது உணவும் நீரும் மறுத்தல். மீனை அடைத்தபோதே முதலாவது நேர்ந்துவிட்டது. இனி, இரை தராவிட்டால் ஐந்தாவது. உயிருள்ள இரை தந்தால் சங்கற்ப இம்சை. பிற உயிரைத் தின்று வாழும் விலங்குகளை வளர்ப்பதை அனர்த்த தண்டம், அதாவது பயனற்ற தீவினை என்று முன்னோர் ஒதுக்கிய காரணம் எனக்கு அந்தத் தொட்டியின் முன்தான் விளங்கிற்று.

உலர்ந்த தீவனம் வாங்கினாலோ? அவற்றுள் பெரும்பாலானவற்றில் மீன் தூளும் இறால் தூளும் சேர்கின்றன. ஆர்ட்டீமியா முட்டைகள் உலர்ந்த நிலையில் டப்பாக்களில் வருகின்றன. உப்பு நீரில் இட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் குஞ்சு வெளிவரும். அதுவரை ஆண்டுக்கணக்கில் உறங்கும் அது உயிரா, வெறும் தூளா? முளைக்கும் ஆற்றலுள்ள வித்தையே உயிருடையதாக எண்ணி நடக்கும் நமக்கு இதில் ஐயம் வேண்டியதில்லை. தங்க மீனும் கப்பியும் வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி, கீரை, பாசித் தூள் ஆகியவற்றையும் உண்ணும். சண்டை மீன் ஊன் உண்ணும் இனம். கீரையில் அது வாழாது.

உறவினர் இடைமறித்தார். “போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறைத் தோட்டத்தில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் ஆண்டில் எத்தனை முறை மருந்து தெளிக்கிறோம்! அந்தக் காயைத்தானே நான் விற்கிறேன்? இந்த வாளிப் புழு எம்மாத்திரம்?” என்றார். இவ்வினா சுட்டது. நம் சமூகத்தார் பெரும்பாலோர் உழவர் மரபினர். நெல்வயலில் நாமும் தெளிக்கிறோம். அது பிழைப்பின்பாற்பட்ட இம்சை. குறைக்கவேண்டியது, அதற்கு வழியும் தேடவேண்டியது. பெரிய கடன் தீராதிருப்பதைச் சொல்லிச் சிறு கடனை வாங்கிக்கொண்டே போகலாமா என்று கேட்டேன். அவர் முழு நிறைவு கொண்டதாகத் தெரியவில்லை.

மீன்களை ஆற்றில் விட்டுவிடலாம் என்று பாட்டியார் சொன்னார். சீவகாருணியமாகத் தோன்றும், ஆயினும் கப்பி அயல்நாட்டு மீன். ஓடையில் பெருகினால் அங்குள்ள சிறு மீன்களின் இரைக்குப் போட்டியாகும். உயிர் காத்தல் என்ற பெயரில் வேறோர் இம்சை.

பிறகு சிறுவன், “அப்படியானால் வாளியில் இருப்பவற்றை என்ன செய்வது?” என்றான். தரையில் கவிழ்த்தால் புழுக்கள் சாகும். விட்டுவைத்தால் கொசுவாகித் தெருவுக்கே காய்ச்சல் தரும். நகராட்சிப் பணியாளர் கண்டால் அவரே கவிழ்த்துவிட்டுப் போவார். விடை சொல்ல இயலாமல் நின்றேன். கொசு முட்டையிடும் முன் வாளியை மூடியிருந்தால் இவ்வினாவே எழுந்திராது. உயிர் தோன்றியபின் காப்பதைவிட, வீணே தோன்ற இடம் தராமையே இல்லறத்தாரின் யத்தினாசாரத்தில் பெரும்பகுதி.

அண்மையில் தொலைபேசியில் பேசினான். வாளிகளுக்குப் பாட்டியாரின் பழைய வடிகட்டும் துணியையே மூடிக் கட்டியிருக்கிறானாம். தொட்டி மீன்களுக்குப் பட்டாணியும் கீரையும். புட்டியிலுள்ள சண்டை மீனுக்கு மட்டும் இன்னமும் மீன் தூள் சேர்ந்த தீவனமே போகிறது. அது இருக்கும்வரை அப்படித்தான் என்றேன். “அதற்குப் பிறகு?” என்றான். புட்டியில் பாட்டி ஊறுகாய் போடட்டும் என்றேன்.